மிச்சமிருந்த மொழி

பக்கவாதம் வந்து பதினோராவது நாள்தான் ஜெயசிங் வாய் திறந்தார். அதுவரை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்த மனிதர். அன்று காலை, கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்த மனைவி ரோஸ்லெட்டைப் பார்த்து, கோணிய வாயால் இரண்டு சொல் சொன்னார்.

"மாமா, மோயா."

பாத்திரம் ரோஸ்லெட்டின் கையிலிருந்து நழுவி விழுந்தது. பேச்சு வந்துவிட்டது! என்ன பேச்சு என்று அவள் யோசிக்கவேயில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க அப்பாவையா கேக்குதிய? அப்பா போயி எட்டு வருசமாச்சே. மூளைன்னா சொல்லுதிய? மூளைக்கு ஒண்ணுமில்ல, செரியாயிரும்னு டாக்டர் சொல்லியாச்சி."

அவர் தலையை ஆட்டினார். மறுபடியும், "மாமா, மோயா, மோயா."

பக்கத்துக் கட்டிலில் தன் அண்ணனுக்குத் துணையிருந்த சூசை எழுந்து வந்தான். கடற்கரைக்காரன். சவுதியின் தம்மாமில் ஆறு வருஷம் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவன்.

"மைனி, அது அரபியாக்கும். மோயான்னா வெள்ளம். அண்ணன் வெள்ளம் கேக்குதாரு."

"அப்ப மாமா?"

"அது எனக்குத் தெரியாது மைனி. படகுல அப்படி ஒரு சொல்லு நாங்க கேட்டதில்ல."

தண்ணீரைக் கொடுத்தாள். அவர் மடக்மடக்கென்று குடித்தார். தமிழ் நாளைக்கு வரும், நாளை மறுநாள் வரும் என்று ரோஸ்லெட் நினைத்துக்கொண்டாள். வரவில்லை.

ஜெயசிங் இருபத்து மூன்று வருஷம் ரியாத்தில் ஒரே வீட்டில் டிரைவராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. எல்லா லீவையும் கூட்டினாலும் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது இரண்டு வருஷம் தேறாது. போன பிப்ரவரியில்தான் ஒரேயடியாக வந்தார். "இனி போறதில்ல" என்று பெட்டியை வைத்த நாளிலிருந்து பேசத் தொடங்கியவர், ஜூன் மாதம் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுகிற வரைக்கும் பேசிக்கொண்டேயிருந்தார். அவர் இப்படிப் பேசக்கூடிய ஆள் என்பதே ரோஸ்லெட்டுக்குத் தெரியாது. அவள் தேங்காய் துருவினால் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தான் இல்லாத காலத்தில் யார் செத்தார், யார் வீடு கட்டினார், மகள் பெபிஷா முதல் நாள் பள்ளிக்கூடத்தில் அழுதாளா என்று கேட்டுக் கேட்டு வாங்குவார். நாலே நாலு மாதம். கல்யாணம் முடிந்து இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த நாலு மாதம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஜெனிலா என்றொரு பெண் இருந்தாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். குடையைக் காட்டினால் "ஷம்ஸியா" என்பார். வாழைப்பழத்தைக் காட்டினால் "மோஸ்". பசு, "பகரா". ஜெனிலா போனில் தேடிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியான அரபிதான் என்று சொன்னாள். கேரள எல்லையை ஒட்டிய தக்கலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாதி பிறவியிலேயே வரும் மலையாளம்கூட அவருக்கு வரவில்லை.

"ஆன்ட்டி, ரெண்டு பாஷை பேசுறவங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தா, சில பேருக்கு ரெண்டும் சேந்து திரும்பும். சில பேருக்கு ஒண்ணு மட்டும் முதல்ல வரும். அது தாய்மொழியாத்தான் இருக்கணும்னு இல்ல. கடைசியா எதுல அதிகம் புழங்கினாரோ, அது முந்திக்கலாம்."

"எனக்க தமிழு எங்க போச்சி மக்கா?"

"போகல ஆன்ட்டி. உள்ளதான் இருக்கு. அவரால எடுக்க முடியல. நீங்க சொல்றதும் முழுசா அவருக்குப் புரியாது. சின்னச் சின்னதாப் பேசுங்க."

வீட்டுக்கு வந்தார்கள். பெங்களூரில் நர்ஸாக இருக்கும் பெபிஷா இரண்டு வாரம் வந்து இருந்துவிட்டு, அம்மாவின் போனில் மொழிபெயர்க்கிற ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துப் போனாள். அவர் வாய் குழறியதால் அது ஒன்றும் பிடிபடாமல், 'கோழி நாளைக்குப் பெரியது' என்றும் 'என் கதவு உங்கள் தலை' என்றும் எழுதிக் காட்டியது. மூன்றாம் நாள் ரோஸ்லெட் போனை அலமாரிக்குள் போட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சபைக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் எழுந்து நின்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னபோது, ஊன்றுகோலைப் பிடித்து நின்ற ஜெயசிங்கும் சொன்னார். தமிழில். முதல் வார்த்தையிலிருந்து ஆமென் வரைக்கும் ஒரு சொல் தட்டாமல் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு பெண் சத்தம் போட்டு அழுதாள். ரோஸ்லெட் தரையில் மண்டியிட்டு விழுந்தாள். பாயசம் வைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே அவரைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் போனாள்.

ஜெனிலா பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவரை ஜெபம் சொல்லச் சொன்னாள். சொன்னார். ரொட்டிப் படத்தைக் காட்டி, "இதுக்கு ஜெபத்துல என்ன பேரு சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க அங்கிள்" என்றாள். அவர் விழித்தார். "குப்ஸ்" என்றார், அப்பத்துக்கு அரபிச் சொல்.

"மனப்பாடமாச் சொல்றது வேற வழியா வரும் ஆன்ட்டி. ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது, எல்லாம் அப்படித்தான். அது பேச்சு இல்ல. தப்பா நெனைக்காதீங்க, உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரோஸ்லெட்டுக்கு ஒரே யோசனை. எந்தத் தெய்வமாவது ஒரு மனுஷனுக்கு, தன்னிடம் பேசுவதற்கு மட்டும் பாஷையை விட்டுவைத்துவிட்டு, பெண்டாட்டியிடம் பேசுகிறதைப் பிடுங்கிக்கொள்ளுமா என்று நினைத்தாள். நினைத்ததற்குப் பயந்தாள். அடுத்த ஞாயிறு சபைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு வெறி மாதிரி ஒன்று பிடித்தது. இவர் முயற்சி பண்ணவில்லை, அரபி சுலபமாகக் கிடைப்பதால் தமிழைத் தேட மாட்டேனென்கிறார், கட்டாயப்படுத்தினால் வரும் என்று ஒரு எண்ணம். அக்டோபரில் ஒரு மத்தியானம், கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டார்.

"மாமா, மோயா."

அவள் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"வெள்ளம்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ. சொன்னா தாறேன்."

"மோயா."

"வெள்ளம்."

அவருக்குப் புரிந்தது. அதுதான் அவளுக்குப் பிறகு தாங்கமுடியாமல் போனது. புரிந்து, கண்ணை இறுக்கி மூடி, கழுத்து நரம்பு புடைக்க, "வெ... வெ..." என்று வாயைக் குவித்தார். உள்ளே எங்கோ கதவைத் தள்ளுகிற மாதிரி உடம்பு முழுவதும் முன்னால் தள்ளியது. வரவில்லை. மறுபடி "மோயா". கால்மணி நேரம் போனது. அரைமணி நேரம் ஆனது. அவள் உள்ளங்கையில் நகம் பதிய நின்றாள். அவர் அழத் தொடங்கினார். "மாமா, வல்லா, மூ அனா. மூ அனா, மாமா" என்று சொல்லிக்கொண்டே இடது கையைத் தலையில் வைத்து, அடி வாங்கப் போகிறவனைப்போலக் குனிந்தார்.

ரோஸ்லெட் தம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்தாள். பாதி சட்டையில் கொட்டியது. பிறகு அடுக்களைக்குப் பின்னால் ஓடிப்போய், சுவரில் தலையை முட்டினாள். இரண்டு முறை, மூன்று முறை.

மதிலுக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சண்முகவடிவு எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சுற்றி வந்து ரோஸ்லெட்டின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி, நீ மனுசியா? தவிச்ச வாய்க்கு வெள்ளம் குடுக்காம பரீட்ச வைக்கியா?"

"எனக்க கிட்ட பேசமாட்டேங்காரு அக்கா. நாலு மாசமா ஒரு சொல்லு பேசல. வீட்டுல யாரோ ஒரு அரபிக்காரன் கெடக்குதான்."

"அப்ப அவரு என்ன சொல்லுதாருன்னாவது நீ கேக்கணும்லா. தக்கலையில துணி தைக்குத மைமூன் இருக்கா. ஜித்தாவுல பதினாலு வருசம் வீட்டு வேல பாத்தவ. நான் கூட்டிட்டு வாறேன்."

மைமூன் இரண்டு நாள் கழித்து வந்தாள். அறுபது வயது இருக்கும். ஒல்லியாக, நிமிர்ந்த நடை, கணீரென்ற குரல். ஜெயசிங்குக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரபியில் நலம் விசாரித்தாள். அவ்வளவுதான். அவர் கொட்டத் தொடங்கினார். குழறிக் குழறி, எச்சில் ஒழுக, இடது கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மைமூன் கேட்கக் கேட்க முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ரோஸ்லெட் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்லுதாரு அக்கா?"

"எப்படிச் சொல்லுவேன் மக்கா. வண்டி ரெடியா நிக்குதுன்னு சொல்லுதாரு. பிள்ளைகள ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்தாச்சி, லேட்டானதுக்கு மன்னிக்கணும்னு சொல்லுதாரு. நாளைக்குச் சீக்கிரம் வருவேன்னு சொல்லுதாரு."

"அன்னைக்கி ஒண்ணு சொன்னாரு. வல்லா மூ அனான்னு."

"சத்தியமா நான் இல்லன்னு அர்த்தம்."

"அப்ப மாமா?"

மைமூன் நாற்காலியை ரோஸ்லெட் பக்கம் திருப்பினாள்.

"அங்க வீட்டம்மாவ நாங்க மாமான்னுதான் கூப்பிடுவோம். மொதலாளியம்மா."

ரோஸ்லெட் திரும்பி ஜெயசிங்கைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஆருன்னு அவருக்குத் தெரியலியா?"

"தெரியாம என்ன? கண்ணப் பாத்தாலே தெரியுதே. ஆனா மக்கா, இவருக்கு மிச்சமிருக்கது முழு அரபி இல்ல. அது வேலக்காரனுக்க அரபி. அங்க அவரு எதச் சொல்ல வேண்டியிருந்துதோ, அதுதான் இருக்கு. ஆமா, சரி, வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. பெண்டாட்டிகிட்ட சொல்லுததுக்கு அதுல என்ன இருக்கு?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப அவருகிட்ட பேசுனேன்லா, நீ என்னைப் பாத்தியா?"

ரோஸ்லெட் பார்த்திருந்தாள். நலம் விசாரித்த முதல் சொல்லிலேயே மைமூனின் தோள் ஒடுங்கிவிட்டது. கழுத்து வளைந்தது. கணீரென்ற குரல் மெலிந்து, யாருக்கும் தொந்தரவில்லாத ஒரு குரலானது.

"அந்தப் பேச்சு வாயில வந்தா கழுத்து தானா குனியும். நான் திரும்பி வந்து பன்னிரண்டு வருசமாச்சி. இன்னும் குனியுது."

வாரம் இரண்டு நாள் ரோஸ்லெட் தக்கலைக்குப் போய் மைமூனிடம் அரபி படித்தாள். இஷ்ரப் என்றால் குடி. இஜ்லிஸ் என்றால் உட்கார். தஆல் என்றால் வா. நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி, பஸ்ஸில் உதட்டை அசைத்து மனப்பாடம் பண்ணினாள். வீட்டில் சொல்லிப்பார்த்தாள். அதிசயம்தான். மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்த மனிதர் "இஷ்ரப்" என்றதும் விழுங்கினார். குளிக்க அடம்பிடித்தவர் "தஆல்" என்றதும் எழுந்து வந்தார். ஒரு வாரத்தில் வீட்டில் சச்சரவே இல்லாமல் போனது. அவள் சொல்வதற்கெல்லாம் அவர் "ஹாளிர், மாமா" என்றார். ஆகட்டும் அம்மா.

அந்தச் சொல்லை அவளால் கேட்க முடியவில்லை. தன்னுடைய புருஷனுக்குத் தானே எஜமானியாகி உட்கார்ந்திருக்கிறோமே என்று அருவருத்தது. அடுத்த முறை தக்கலைக்குப் போனபோது கேட்டாள்.

"அக்கா, இதெல்லாம் ஏவுத சொல்லா இருக்கு. கெட்டியோன் பெண்டாட்டி பேசுத மாதிரி ஏதாவது சொல்லித்தாங்க."

மைமூன் தையல் மிஷினை நிறுத்தினாள்.

"நான் அடுக்களையில நின்னவ மக்கா. எனக்கு அப்படி ஒரு சொல்லு அங்க ஆரும் சொல்லல. தெரிஞ்சா தரமாட்டேனா?"

டிசம்பர் மாதம் அவர் தினமும் ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். காலையில் ஊன்றுகோலோடு வந்து அவள் முன்னால் நிற்பார். "மாமா, அனா அப்கா இஜாஸா. பின்த் மரீள்." மைமூன் இல்லாமலேயே அது ரோஸ்லெட்டுக்கு விளங்கியது. அம்மா, எனக்கு லீவு வேண்டும். மகளுக்கு உடம்பு சரியில்லை.

பெபிஷாவுக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரி. பிழைக்காது என்று ஒரு டாக்டர் சொல்லியேவிட்டார். ரோஸ்லெட் போனில் கதறினாள், வாருங்கள் என்று. அவர் வரவில்லை. "இங்க கொஞ்சம் வேலை இருக்கு, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். கேட்டுப்பார்த்திருக்கக்கூட மாட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு, மூன்று மாதம் அவரோடு போனில் பேசாமல் இருந்தாள். அதற்குப் பிறகு பேசினாலும், உள்ளே ஒரு ஆணி இருந்துகொண்டேதான் இருந்தது. இப்போது அதே மனிதர், வளைந்த கழுத்தோடு அவள் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்கும் இப்படித்தான் கேட்டிருக்கிறார். இப்படி எத்தனை நாள் நின்றாரோ. கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்பட்டு, வேலை இருக்கு என்று சொல்லியிருக்கிறார்.

அவர் காலைப் பிடித்து அழவேண்டும் போலிருந்தது. எந்தப் பாஷையில் அழ?

பத்து நாள் "இது ஒங்க வீடு, நீங்க வந்தாச்சி" என்று தமிழில் சொல்லிப் பார்த்தாள். அவர் மறுநாளும் வந்து நின்றார். பதினோராம் நாள் அவள் அரபியில் சொன்னாள்: "தய்யிப். ரூஹ்." சரி, போ.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. லீவு கொடுத்தாயிற்று; இனி ஊருக்கு அனுப்பினால் என்ன? காரில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி, இந்த வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினால்? ஒவ்வொரு லீவுக்கும் வந்து இறங்குவாரே, அப்படி இறங்கட்டும். தான் வாசலில் நின்று, 'வாங்க' என்று தமிழில் கூப்பிடலாம். அந்தச் சொல்லுக்காவது உள்ளே ஏதாவது அசையாதா?

தெருமுனையில் கார் வைத்திருக்கும் சிவபிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அன்று மத்தியானமே வந்தான். ஜெயசிங் பழைய பேண்ட் சட்டை போட்டு, ஒரு பையையும் எடுத்துக்கொண்டு, நேராக ஸ்டீரிங் பக்கத்துக் கதவுக்குப் போனார். "இங்க வாங்க அண்ணாச்சி, இன்னைக்கி நான் ஓட்டுதேன்" என்று சிவபிரசாத் பதமாகக் கூட்டிப்போய் மறுபக்கம் உட்காரவைத்தான். ரோஸ்லெட் பின்னால் ஏறிக்கொண்டாள். தக்கலை போய், பத்மநாபபுரம் கோட்டைக்குள் நுழைந்து, அரண்மனை வாசலில் இறங்கும் சுற்றுலாக் கூட்டத்தைத் தாண்டி, வயல்பாதையில் திரும்பி வந்தார்கள். அவர் ஜன்னலில் கையை வைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு குளத்தைப் பார்த்துச் சிரித்தார்கூட. முதலில் தான் இறங்கி வாசலுக்கு ஓடிவிடுவது என்பது ரோஸ்லெட்டின் திட்டம்.

கார் நிற்பதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். விழுந்துவிடுவார் என்று சிவபிரசாத் கத்தினான். விழவில்லை. வலது காலை மண்ணில் இழுத்து இழுத்து, வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் வந்தார். இடது கையால் ரோஸ்லெட்டின் பக்கத்துக் கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.

"தஃபள்ளலி, மாமா."

இறங்குங்கள் அம்மா.

ரோஸ்லெட்டால் இறங்க முடியவில்லை. சிவபிரசாத் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். மத்தியான வெயில் அவர் தலையில் அடித்தது. வலது கால் நடுங்கியது. அவள் இறங்காத வரைக்கும் அவர் அசையமாட்டார் என்று தெரிந்து, இறங்கினாள். 'வாங்க' என்று கூப்பிட நினைத்திருந்தவள், கூப்பிடாமலே வாசற்படி ஏறினாள்.

உள்ளே போனதும் நடுவீட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டம் ஒன்றும் இல்லை. நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜெயசிங் பின்னாலேயே வந்தார். தன்னுடைய நாற்காலியில் உட்காரப் போனவர் நின்றார். அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மொதலாளியம்மா தரையில் இருக்க, தான் நாற்காலியில் இருக்கலாமா? என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். பிறகு ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துச் சரிந்து சரிந்து, அவளுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் இடது கையை நீட்டி, அவள் கன்னத்தைத் துடைத்தார். அப்படித் துடைக்கும் துணிச்சல் ரியாத்தில் எந்த டிரைவருக்கும் வந்திருக்காது.

அவள் எழுந்துபோய்ச் சோறும் மீன்குழம்பும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். தரையிலேயே இருந்து தின்றார்கள். அவர் முள்ளை எடுத்து எடுத்து ஓரத்தில் வைத்தார். சாயங்காலம் வரை ஒருமுறைகூட அவளை மாமா என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. அவரைத் தூக்கி நாற்காலியில் ஏற்ற, சண்முகவடிவும் அவள் புருஷனும் வரவேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் பழையபடி வந்து நின்றார். "மாமா, ஸையாரா ஹாளிர்." வண்டி ரெடி. ரோஸ்லெட் பதில் சொல்லாமல் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தாள். அவரும் தயங்கித் தயங்கி இறங்கி உட்கார்ந்தார்.

நாகர்கோவிலில் இதைச் சொன்னபோது ஜெனிலா பேனாவை வைத்துவிட்டு முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"இதுக்கு எங்க புத்தகத்துல பேரு இல்ல ஆன்ட்டி. தமிழ் வருமான்னு கேட்டா, வரலாம், வராமலும் போகலாம். அதுதான் என்னால சொல்ல முடியும்."

"வராட்டா?"

ஜெனிலா அடுத்த தடவைக்குத் தேதி எழுதிக் கொடுத்தாள்.

இந்த ஈஸ்டர் வரைக்கும் தமிழ் வரவில்லை. நின்று நடமாடும்போது அவர் டிரைவர்தான், அவள் மொதலாளியம்மாதான். மாத்திரைக்கும் குளியலுக்கும் அவள் அந்தப் பாஷையில் ஏவத்தான் வேண்டியிருக்கிறது, ஏவுகிறாள். மத்தியானம் ஆனால் பாயை விரிக்கிறாள். தேங்காயும் துருவியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, யார் செத்தார், யார் வீடு கட்டினார் என்று அவளே தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு எவ்வளவு புரிகிறதென்று தெரியவில்லை. நிறுத்தினால் மட்டும், இடது கையால் அவள் முழங்காலைத் தட்டுகிறார்.